வானத்து வெளிச்சத்தை விசாரித்தவர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். இரவில் பள்ளத்தில் ஏதேனும் வெளிச்சம் தெரிந்தால் எங்கள் லயத்துப் பெரியவர்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்பார்கள். பள்ளி சென்ற பிள்ளைகள் சதுப்புநில வாயு என்பார்கள். எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று கண்டவரிடம் கேட்பவர் எவருமில்லை. அப்படிக் கேட்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அமெரிக்க வானியலாளர் ஆலன் ஹைனெக். அவரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

ஹேலி வால்நட்சத்திரம் வந்த 1910ஆம் ஆண்டில், மே முதல் நாள், சிக்காகோவில் பிறந்தார் ஹைனெக். 1935இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1947இல் பறக்கும் தட்டு பற்றிய பேச்சு அமெரிக்காவெங்கும் பரவியது. மறு ஆண்டு, அந்நாட்டு விமானப்படை தன் விசாரணைக்கு அறிவியல் ஆலோசகராக அவரை அழைத்தது. மக்கள் கண்டவற்றுள் எவை கோள், எவை விண்கல், எவை பலூன் எனப் பிரித்தறிவதே அவர் வேலை. எல்லாம் சில நாள் கூத்து என்றே அவரும் முதலில் எண்ணினார். பெரும்பாலானவற்றுக்கு விடையும் கிடைத்தது.

1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பண்ணைக் குடும்பத்தினரும் கல்லூரி மாணவிகளும் சதுப்பு நிலத்தருகே விநோத ஒளிகளைக் கண்டனர். டெட்ராய்ட் நகரில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த ஹைனெக், அவை சதுப்புநில வாயுவாக இருக்கலாம் என்றார். நாடே நகைத்தது, கண்டவர்கள் மனம் நொந்தனர். பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்ட், நாடாளுமன்ற விசாரணை கோரினார். அதன்பின் ஹைனெக்கின் குரல் மாறியது. இக்காட்சிகளை முறையாக ஆராய வேண்டுமென வெளிப்படையாகவே வாதிட்டார்.

1969இல் விமானப்படை விசாரணையை மூடியபோது, பதிவான 12,618 காட்சிகளுள் 701க்கு விடை இல்லை. 1972இல் அவர் எழுதிய நூல், மிக அருகில் கண்ட காட்சிகளை மூன்று வகையாகப் பிரித்தது. 1973இல் சொந்தமாக ஓர் ஆய்வு மையம் தொடங்கினார். அவர் வகுத்த மூன்றாம் வகையின் பெயரிலேயே 1977இல் ஸ்பீல்பெர்க் படம் எடுத்தார். அதில் ஹைனெக்கும் ஒரு காட்சியில் தோன்றினார். ஹேலி வால்நட்சத்திரம் திரும்பி வந்த 1986இல், ஏப்ரல் 27ஆம் நாள், அரிசோனாவில் மறைந்தார்.

அந்த 701 காட்சிகள் வேற்றுலகத்தார் வந்ததற்குச் சான்றாகா. ஆனால், தெரியாததைத் தெரியவில்லை என்று பதிவு செய்யும் நேர்மைக்குச் சான்றாகும். படித்தவர் என்ற பெயர் தாங்கும் நாம், எளிய மக்கள் கண்டதைச் சிரித்துத் தள்ளாமல், முதலில் கேட்டு எழுதிக்கொள்வோம். விளக்கம் பிறகு வரட்டும்!