நம்மூருக்கு மருமகளாக வந்த வைத்தியர்: டொக்டர் மேரி இரட்ணம்

நமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கு எழுதும்படி சங்கத்தினர் கேட்டபோது, அன்பு, சேவை, நம்பிக்கை என்னும் மூன்றையும் தன் வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதவே மனம் விரும்பியது. அவர் நமது பாடசாலையில் படித்தவர் அல்லர். இந்த நாட்டில் பிறந்தவரும் அல்லர். ஆயினும் கொழும்பில் வாழ்ந்த, வாழ்கின்ற ஒவ்வொரு பெண்ணும் அவருக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டிருக்கிறாள். இன்று நம்மில் பலர் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் விட்டுக் கனடாவில் வாழ்கிறோம். அவரோ கனடாவிலிருந்து கொழும்புக்கு வந்து, இந்த மண்ணைத் தன் மண்ணாக்கிக் கொண்டவர்.

1873ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மேரி ஹெலன் இர்வின் என்ற பெயருடன் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதைப் பலர் ஏற்காத காலம் அது. ரொறன்ரோவில் பெண்களுக்கென 1883இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1896இல் வைத்தியராகத் தேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. மிஷனரி வைத்தியராக இலங்கைக்குச் சென்று யாழ்ப்பாணத்தில் பணியாற்றுவதே அவரது எண்ணமாக இருந்தது.

பயணத்துக்கு முன்னரே அவரது வாழ்க்கை திசை மாறியது. அமெரிக்காவில் கல்வி கற்றுக்கொண்டிருந்த சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற யாழ்ப்பாணத் தமிழரைச் சந்தித்து, அவரையே திருமணம் செய்துகொண்டார். இருவரும் ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். இருந்தும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி உள்ளூர்த் தமிழரை மணந்ததை அன்றைய மிஷன் உலகத்தால் சகிக்க முடியவில்லை. மிஷனுடன் அவருக்கிருந்த தொடர்பு அறுந்தது. எந்தப் பணிக்காகக் கடல் கடந்து வந்தாரோ, அந்தப் பணியின் கதவு வந்த ஆண்டிலேயே அடைபட்டது.

அந்த இடத்தில் மனமுடைந்து திரும்பிப் போயிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திருமறையில் ரூத் என்ற மோவாபியப் பெண்ணின் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்நிய தேசத்து மருமகளாக வந்து, அந்த மக்களையே தன் மக்களாக ஏற்றவள் அவள். மேரி இரட்ணமும் அப்படியே செய்தார். கணவருடன் கொழும்பில் குடியேறி, லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் சிறிது காலம் கடமையாற்றினார். பின்னர் சொந்தமாக வைத்தியத் தொழிலை ஆரம்பித்தார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே நோயாளரையும் பார்த்தார்.

அன்றைய நிலையை இன்றைய இளம் வைத்தியர்களுக்குப் புரியவைப்பது கடினம். இலங்கை மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியிருந்தாலும் பெண்கள் அதில் அனுமதிக்கப்பட்டது 1892இல்தான். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூச்சப்பட்டு, நோயை மறைத்து, முற்றிய பின் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் ஏராளம். அத்தகைய பெண்களுக்கு ஒரு பெண் வைத்தியர் கிடைப்பது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை மகப்பேற்று விடுதிகளில் கடமையாற்றிய என்னால் உணர முடிகிறது. இன்றும் சில தாய்மார், உள்ளே வருவது பெண் டொக்டரா என்று தாதியிடம் மெல்லக் கேட்டுவிட்டே வாய் திறப்பார்கள்.

நோய்க்கு மருந்து கொடுப்பதோடு ஒரு வைத்தியரின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை மேரி இரட்ணம் வெகு சீக்கிரத்தில் கண்டுகொண்டார். சத்துணவு இல்லாமலும், அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பெற்றும், சுத்தமான தண்ணீர் இல்லாமலும் நோயாளியாகும் பெண் குணமாகி வீட்டுக்குப் போனாலும் அதே காரணங்களால் மறுபடி வருவாள். ஆகவே பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று சுகாதார நூல்கள் எழுதினார். மதுவினால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு மதுவிலக்குக்காக உழைத்தார். குடும்பத் திட்டம் என்ற சொல்லை உச்சரிக்கவே பலரும் தயங்கிய காலத்தில் தாய்மாரின் உயிரை முன்வைத்து அதைப் பேசினார். இலங்கையில் 1930களில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அந்த எண்ணிக்கை சில பத்துகளே. மருத்துவிச்சிகளும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும் சேர்ந்து செய்த மாற்றம் இது. அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்களில் இவரும் ஒருவர்.

1909ஆம் ஆண்டு கொழும்பில் தமிழ்ப் பெண்கள் சங்கம் உருவாவதற்கு முன்னின்றவரும் அவரே. வீட்டுக்குள் அடங்கியிருந்த தமிழ்ப் பெண்கள் ஒன்றுகூடவும், தம் மொழியையும் கலைகளையும் பேணவும் ஓர் இடம் வேண்டும் என்று கனடாவில் பிறந்த ஒருவருக்குத் தோன்றியது வியப்புக்குரியது. அந்தச் சங்கத்தின் கலாலயத்தில் சங்கீதமும் பரதமும் பயின்ற நம் சகோதரிகள் பலர் இம்மலரை வாசிக்கக்கூடும். அதன் வேரில் ஒரு கனடியப் பெண்ணின் உழைப்பு இருப்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

1927இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்கப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அக்னஸ் டி சில்வா முதலியோருடன் மேரி இரட்ணமும் அதில் நின்றார். எதிர்ப்பு பலமாக இருந்தது. 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தார். ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டுமே சிபாரிசு செய்தது. இறுதியில் ஆண், பெண் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதில் வாக்குரிமை கிடைத்தது. 1931இல் நம் பாட்டிமார் வாக்களித்தபோது பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. மேரி பிறந்த கனடாவிலேயே கியூபெக் மாகாணப் பெண்கள் மாகாணத் தேர்தலில் வாக்களிக்க 1940 வரை காத்திருந்தனர். 1932இல் கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்கு மக்கள் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணியை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

1930இல், தனது ஐம்பத்தேழாவது வயதில், மேரி இரட்ணம் லங்கா மஹிலா சமித்தியைத் தொடங்கினார். அவரது சொந்த ஒன்ராறியோவில் 1897இல் ஆரம்பித்த கிராமியப் பெண்கள் சங்கங்களும், வங்காளத்தில் சரோஜ் நளினியின் நினைவாக இயங்கிய மகளிர் சமிதிகளும் இதற்கு முன்மாதிரியாக இருந்தன. கிராமத்துப் பெண்கள் கூடி, சுகாதாரம், சத்துணவு, வீட்டுத்தோட்டம், கைப்பணி ஆகியவற்றைக் கற்றுத் தாமே தம் கிராமத்தை முன்னேற்றுவது அதன் நோக்கம். நகரத்துச் சீமாட்டிகள் போய்த் தருமம் கொடுத்துவிட்டு வரும் சேவையாக அவர் அதை அமைக்கவில்லை. தமிழ்க் குடும்பப் பெயரைத் தாங்கிய கிறிஸ்தவப் பெண் ஒருவர் பெரும்பாலும் சிங்களப் பௌத்த கிராமங்களில் வளர்த்த இயக்கம் அது என்பதை நாம் மறக்கக் கூடாது.

1937இல், அறுபத்து நான்காவது வயதில், பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அச்சபைக்குத் தெரிவான முதல் பெண் அவரே. சட்ட நுணுக்கம் ஒன்றினால் விரைவிலேயே அந்த ஆசனத்தை இழந்தார். ஆயினும் பணி நிற்கவில்லை. மிஷனின் ஆதரவு போனபோது நிற்காத பணி, ஓர் ஆசனம் போனதற்காகவா நிற்கும்?

1958ஆம் ஆண்டை நம் குடும்பங்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கின்றன. அவ்வாண்டு மே மாதக் கலவரத்தில் வீடிழந்த கொழும்புத் தமிழர் கப்பலில் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டனர். பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம், முதன்முறையாக வழங்கப்பட்ட மக்சேசே விருதைப் பொதுச் சேவைக்காகப் பெற்றவர் எண்பத்தைந்து வயதான மேரி இரட்ணம். இந்தியாவின் வினோபா பாவேயும் அவருடன் விருது பெற்றோரில் ஒருவர். இனம் இனத்தை வெறுத்த ஆண்டில், எல்லா இனத்துப் பெண்களுக்கும் உழைத்த ஒருவரால் இந்த நாடு ஆசியாவின் முன் தலைநிமிர்ந்தது. வெறுப்பின் கதையைச் சொல்லும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வது நம் பிள்ளைகளுக்கு நல்லது.

1962இல் அவர் மறைந்தார். கிறிஸ்தவ நம்பிக்கை என்பது எல்லாம் நலமாக முடியும் என்று சும்மா எதிர்பார்த்திருப்பது அல்ல என்பதை அவரது வாழ்விலிருந்து நான் கற்கிறேன். ஒரு கதவு அடைபட்டால், அருகில் துன்பப்படும் மனிதர் யார் என்று பார்த்து அங்கே வேலையைத் தொடங்குவதே அந்த நம்பிக்கை. நல்ல சமாரியனும் அதைத்தானே செய்தான். வழியில் கிடந்தவனின் குலத்தையும் கோத்திரத்தையும் அவன் விசாரிக்கவில்லை.

நாற்பதைக் கடந்துவிட்டோம், இனி என்ன என்று எண்ணும் என் வகுப்புத் தோழியருக்கு ஒரு சொல். அவரது பெரும் பணிகள் ஐம்பதுக்குப் பின்னரே வந்தன. தூர தேசங்களில் இன்னும் அந்நியராக உணரும் சகோதரிகளுக்கு இன்னொரு சொல். நீங்கள் வாழும் ஊரிலும் பேச ஆளில்லாத முதியவர் இருப்பார், மொழி தெரியாமல் வைத்தியசாலையில் தவிக்கும் தாய் இருப்பாள். அவர்களுக்கு உதவப் போகும்போது அந்த ஊரும் உங்களுடையதாகும். நமது பாடசாலை அடுத்த நூற்றாண்டில் இத்தகைய பெண்களை உலகெங்கும் அனுப்ப இறைவன் அருள்புரிவாராக.