ஏடுகளால் மீண்ட பெருமகனார் அயோத்திதாசப் பண்டிதர்

ஒரு சமுதாயத்தின் பெருமை அதன் செல்வத்தில் மட்டும் இல்லை. தன் சான்றோரின் சொற்களை அது எவ்வாறு காத்தது என்பதிலும் உள்ளது. இவ்வுண்மைக்குப் பண்டிதர் அயோத்திதாசரின் வாழ்வே சான்று.

அன்னார் 1845 மே 20 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வியும் சித்த மருத்துவமும் புகட்டிய ஆசானின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றார். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் சமையற்பணி புரிந்தவர். அவர் காத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடியே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது எனப் பண்டிதர் எழுதியுள்ளார். ஏடு காக்கும் பண்பு அக்குடும்பத்தின் பிதுரார்ச்சிதமாக இருந்தது.

இளமையை நீலகிரியில் கழித்த பண்டிதர், 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து, அவ்வாண்டு டிசம்பரில் உதகையில் மாநாடு கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியும் அரசுப்பணியும் வேண்டும் என அம்மாநாடு தீர்மானித்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் பெரியாற்று நீர் வந்தது 1895இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே நம் உரிமைக்குரல் மலையுச்சியில் ஒலித்துவிட்டது.

1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு முதல் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. வரலாறு, சமயம், மருத்துவம், இலக்கணம் என அவர் எழுதாத துறை அரிது. கோலார் தங்கவயல் தொழிலாளர் முதல் கடல் கடந்து வாழ்ந்த தமிழர் வரை அவ்விதழைப் பயின்றனர். திருக்குறளுக்கு எழுதிவந்த உரை முற்றுப்பெறு முன்னரே, 1914 மே 5 அன்று மறைந்தார்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1865இல் கொல்லப்பட்டார். அவர்தம் தாள்களை மைந்தர் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்திற்கு அளிக்க, 1947இல் அவை யாவர்க்கும் திறக்கப்பட்டன. நம் பண்டிதருக்கோ அரசு நூலகம் காவல் நிற்கவில்லை. எளியோர் சிலர் தம் இல்லங்களில் பழைய இதழ்களைப் பேணினர். தங்கவயலில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவர் நூல்களை மறுபதிப்பிட்டது. ஆயினும் பொதுவரலாறு அவரை நெடுங்காலம் மறந்தே இருந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவ்வெழுத்துக்களைத் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என வெளியிட்டது. மறைந்து 85 ஆண்டுகளுக்குப் பின் பண்டிதர் மீண்டும் பேசத் தொடங்கினார்.

இளைஞர்காள்! சின்னமனூரிலும் போடியிலும் கம்பத்திலும் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் தகரப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பாட்டனார் எழுதிய மனுவின் படி, ஏலத்தோட்டக் கூலிச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ், பழைய துண்டறிக்கை எதுவாயினும் எடைக்குப் போடாதீர்கள். நம் சங்கத்தில் ஒப்படையுங்கள். கரையானுக்கு இரையாகும் ஒவ்வொரு தாளோடும் நம் சான்று ஒன்று அழிகிறது. காக்கப்படும் ஒவ்வொரு தாளும் நாளை நமக்காகப் பேசும்.