தரையோடு ஒரு காமிரா

ஜப்பானிய டைரக்டர் யாசுஜிரோ ஓசுவின் படத்துக்குப் பாதியில் போய் உட்கார்ந்தாலும், இது அவர் படம்தான் என்று சொல்லிவிடலாம். காமிரா அத்தனை தாழ்வாக இருக்கும்!

ஓசு 1903-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி டோக்கியோவில் பிறந்தார். படிப்பில் மனம் செல்லவில்லை. சினிமாவே கதி என்று கிடந்தார். ஒரு மலைக் கிராமப் பள்ளியில் சில காலம் வாத்தியார் வேலை. 1923-ல் ஷோச்சிகு படக் கம்பெனியில் ஒளிப்பதிவாளருக்கு உதவியாளராகச் சேர்ந்து, காமிராவைச் சுமந்தார். 1927-ல் டைரக்டரானார்.

ஜப்பானியர் வீட்டில் பாய் பரப்பிய தரையில்தான் உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்தவரின் கண்ணைவிடவும் தாழ்வாகக் காமிராவை வைத்தார் ஓசு. அதற்கென்றே குட்டைக் கால்கள் கொண்ட தாங்கி செய்யப்பட்டது. ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதா குப்புறப் படுத்துப் படம் பிடிக்க வேண்டியதாயிற்று, பாவம்! ஆரம்பப் படங்களில் ஓடியாடிய காமிரா, வருஷம் ஆக ஆக அசைவதையே அநேகமாக நிறுத்திவிட்டது.

யுத்த காலத்தில், 1943-ல், பிரசாரப் படம் எடுக்க அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். அந்தப் படம் உருவாகவில்லை. ஜப்பானிய ராணுவத்திடம் சிக்கியிருந்த அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பொழுதைக் கழித்தார். ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அவற்றில் ஒன்று. வெல்ஸும் காமிராவைத் தரையில் வைத்தவர்தான். ஆனால் அது அண்ணாந்து பார்க்கும். மனிதன் மலைபோல் தெரிவான். ஓசுவின் காமிராவோ வீட்டாரோடு ஒருவராக உட்கார்ந்து நேரே பார்க்கும். வெல்ஸைப் பார்த்துவந்த பிறகும் அது மாறவில்லை.

1953-ல் வந்த 'டோக்கியோ கதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்க்க வந்த வயோதிகத் தம்பதிக்காக ஒதுக்கப் பிள்ளைகளிடம் நேரமில்லை. யுத்தத்தில் மாண்ட மகனின் மனைவிதான் அன்பு காட்டுகிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துபோகிறாள். கடைசியில் கிழவர் தனியே உட்கார்ந்து விசிறிக்கொள்கிறார். காமிரா அவர் முகத்தருகே ஓடி நம்மை அழவைக்கப் பார்ப்பதில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. நமக்குத்தான் நெஞ்சை அடைக்கிறது.

மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனிமையாகும் தகப்பன், ஓசு திரும்பத் திரும்ப எடுத்த கதை. அவரோ கல்யாணமே செய்துகொள்ளாமல் தாயோடு வாழ்ந்தவர்! அதே கதையை வைத்துக் கடைசிப் படத்துக்கு எழுதிவந்தபோது, 1962-ல், அந்தத் தாயும் போய்விட்டார். மறு ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, அறுபதாவது பிறந்த நாளன்று, ஓசு புற்றுநோயால் காலமானார்.

காமாகுராவில் உள்ள அவர் கல்லறையில் 'மு' என்று பெரிதாக ஒரே எழுத்து. இன்மை என்று பொருள். ரசிகர்கள் அங்கே மது புட்டிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். நண்பர் கோகோ நோடாவுடன் கதை எழுத உட்கார்ந்தால், காலியான புட்டிகளை எண்ணித்தான் வேலையைக் கணக்கிடுவார்களாம்!