குழந்தைகள் புத்தகம் பெரியவர்களுக்கு எதற்கு? அழ.வள்ளியப்பாவின் கடைசி வாதம்

பத்தாவது தாண்டிய பிள்ளை கையில் சிறுவர் நாவலைப் பார்த்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? சின்னப் புள்ளைங்க புக்கை இன்னுமா படிக்கிற என்பார்கள். தேனியிலும் இதே கதைதான், கம்பத்திலும் இதே கதைதான். ஆனால் அந்தப் புத்தகங்களைக் கல்லூரி மாணவர்கள் பாடமாகவே படிக்க வேண்டும் என்று வாதாடிய ஒருவர் இருந்தார். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிரும் பிரிந்தது. அவர்தான் குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பா.

யார் இந்த வள்ளியப்பா?

புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள ராயவரத்தில் 1922 நவம்பர் 7 அன்று பிறந்தவர். 1940இல் வேலை தேடிச் சென்னை வந்தார். வை.கோவிந்தனின் ‘சக்தி’ பத்திரிகை அலுவலகத்தில் காசாளர் வேலை கிடைத்தது. கணக்கு எழுத வந்தவரைக் கதை எழுத வைத்தவர், அங்கே ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1982இல் ஓய்வு பெறும் வரை வங்கி வேலைதான் சோறு போட்டது. எழுத்து அதோடு கூடவே வந்தது.

குழந்தைப் பாடல்களின் தொகுப்பான ‘மலரும் உள்ளம்’ 1944இல் வெளிவந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானபோது முன்னின்று உழைத்தார். ‘பூஞ்சோலை’ இதழை நடத்தினார். ஓய்வுக்குப் பிறகு ‘கோகுலம்’ இதழின் ஆசிரியர் ஆனார்.

பாட்டு மட்டும்தானா?

இல்லை. பலருக்கு அவர் பாட்டுக்காரராகத்தான் தெரியும். ஆனால் ‘பர்மா ரமணி’, ‘நீலா மாலா’, ‘நல்ல நண்பர்கள்’ போன்ற சிறுவர் நாவல்களையும் எழுதியிருக்கிறார். நேஷனல் புக் டிரஸ்டுக்காக எழுதிய ‘நம் நதிகள்’ பல இந்திய மொழிகளுக்குப் போனது.

பெரியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

‘பர்மா ரமணி’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் அது ஒரு பையனின் பெயர், அவ்வளவுதான். வயது ஏறியவருக்கு ‘பர்மா’ என்ற சொல்லே கனக்கும். 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அதில் பெரும்பகுதியினர் காடு மலை வழியே நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். வள்ளியப்பா பிறந்த செட்டிநாட்டு வட்டாரத்தில் பர்மாவோடு தொழில் தொடர்பு வைத்திருந்த குடும்பங்கள் சொத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தன. புத்தகம் அதேதான், படிக்கிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

நதியும் அப்படித்தான். சின்ன வயதில் நதி என்றால் எங்கே பிறக்கிறது, எங்கே கலக்கிறது என்ற கேள்வி பதில். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணியை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடக்கிறது. அணையில் தண்ணி எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் பேப்பரில் பார்க்கிற விவசாயிக்கு நதி என்பது பாடம் இல்லை, பிழைப்பு. பேரனுக்கு நதிகள் பற்றி வாசித்துக் காட்டும் தாத்தா, பேரனைவிட அதிகமாக அதில் படிப்பார்.

கடைசி நாளில் என்ன நடந்தது?

1989 மார்ச் 16. மதுரை காமராஜர் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில் வள்ளியப்பா பேசினார். முன்பு அவருக்குத் ‘தமிழ்ப் பேரவைச் செம்மல்’ விருது தந்த பல்கலைக்கழகம் அது. குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பேச்சின் நடுவே மயங்கி விழுந்தார், அன்றே இறந்தார். வயது 66.

தேனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அப்போது தேனி தனி மாவட்டம் இல்லை, மதுரையோடு இருந்தது. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, போடி ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி ஆகியவை இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அதாவது அவர் பேசியது கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்களுக்காகவும்தான். பி.ஏ. தமிழ் படிப்பவர்களில் பலர் நாளைக்குப் பள்ளிக்கூட வாத்தியார் ஆகிறவர்கள். குழந்தைகள் புத்தகத்தை வளர்ந்த கண்ணோடு ஒருமுறைகூடப் படிக்காதவர், எந்தப் புத்தகத்தை எந்தப் பிள்ளையிடம் கொடுப்பது என்று எப்படித் தீர்மானிப்பார்?

இதற்குக் கல்லூரியில் பாடம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நூலகத்தில் சிறுவர் பகுதி என்று எழுதிய அலமாரிக்குப் பெரியவர்களும் போகலாம். எடுத்த புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் தானும் ஒரு தடவை படித்துவிடலாம்.