ஆழம் கண்ட மாலுமி

ஜேம்ஸ் குக் 1728ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில், மார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பண்ணைக் கூலியாள். கடற்கரை ஊர் ஒன்றில் கடைப்பையனாக இருந்த குக், பின்னர் நிலக்கரிக் கப்பலில் தொழில் பயின்று, 1755இல் கடற்படையில் சேர்ந்தார்.

1758இல் கனடாவின் லூயிஸ்பர்க் கரையில், சாமுவேல் ஹாலந்து என்னும் படைப்பொறியாளர் முக்காலிமேல் பலகை வைத்து நிலத்தை வரைந்துகொண்டிருந்தார். அதைக் கண்ட குக், அக்கலையைத் தமக்கும் கற்பிக்குமாறு வேண்டிக் கற்றுக்கொண்டார்.

கண்ணுக்குத் தெரியாத கடலடியை எவ்வாறு அளப்பது? அந்நாளில் நீண்ட கயிற்றின் முனையில் ஈயக்குண்டைக் கட்டி நீரில் இறக்குவர். குண்டு தரை தொட்டதும் கயிற்றின் நீளத்தைப் பாகக் கணக்கில் குறிப்பர். ஒரு பாகம் ஆறு அடி; நம் மீனவரும் இக்கணக்கை அறிவர். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவியிருப்பர். அதில் ஒட்டிவருவது மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்து அடித்தரையின் தன்மையை அறிவர். கரையிலுள்ள குன்று, மரம் முதலிய குறிகளைக் கோணம் பார்த்துப் படகு நிற்கும் இடத்தை உறுதி செய்வர். இத்தனை பாடும் படத்தில் ஒரே ஓர் எண்ணுக்காக!

1763 முதல் 1767 வரை நியூஃபவுண்ட்லாந்து தீவின் கரைகளைக் குக் இவ்வாறு அளந்தார். 1764இல் வெடிமருந்துக் கொம்பு வெடித்து அவரது வலக்கையில் பெருந்தழும்பு ஏற்பட்டது. அவர் வரைந்த படங்கள் நூறாண்டுக்கு மேல் மாலுமிகளுக்குப் பயன்பட்டன.

1768இல் 'எண்டெவர்' கப்பலில் பசிபிக் பெருங்கடலுக்குப் புறப்பட்டார். நியூசிலாந்தைச் சுற்றிவந்து வரைந்தபோது, ஒரு தீபகற்பத்தைத் தீவென்றும் ஒரு தீவைத் தீபகற்பமென்றும் கருதிவிட்டார். எனினும் தம் படத்தில் எப்பகுதியை நம்பலாம், எப்பகுதி ஐயத்திற்குரியது என்பதைத் தாமே எழுதிவைத்தார். அந்நேர்மை பிழையினும் பெரிது.

1770 சூன் 11ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் கப்பல் சென்றுகொண்டிருந்தது. ஈயக்குண்டு 17 பாக ஆழம் காட்டியது. மறுமுறை குண்டை எறியுமுன் கப்பல் பவளப்பாறையில் மோதி நின்றது. குண்டு விழும் இடத்தின் ஆழத்தையே அது கூறும். பக்கத்தில் நிற்கும் பாறையை அது அறியாது. பீரங்கிகளையும் பாரக்கற்களையும் கடலில் எறிந்தனர். நீர் உள்ளே ஏறிக்கொண்டேயிருந்தது. பகல் ஓதம் போதவில்லை. அடுத்த இரவு ஓதத்தில்தான் கப்பல் மிதந்தது. கம்பளி மயிரும் நாரும் தைத்த பாயைக் கப்பலின் அடியில் இழுத்து ஓட்டையை அடைத்தனர். கரைசேர்ந்து பார்த்தபோது, உடைந்த பவளத்துண்டு ஒன்று ஓட்டையிலேயே சிக்கி நீரைத் தடுத்திருந்தது! ஏறத்தாழ ஏழு வாரம் பழுதுபார்த்தபின், படகை முன்னே அனுப்பி ஆழம் பார்த்தபடி குக் அப்பாறைகளிடையே வழி கண்டார்.

மூன்றாம் பயணத்தில், 1779 பிப்ரவரி 14 அன்று ஹவாய்த் தீவில், களவுபோன படகை மீட்க அத்தீவின் அரசரைப் பிணையாகப் பிடிக்க முயன்றார். அது தகாத செயல். அதனால் எழுந்த சண்டையில் கொல்லப்பட்டார். பின்னர்க் கிடைத்த உடலின் எச்சத்தை, வலக்கைத் தழும்பைக் கொண்டே தோழர்கள் அடையாளம் கண்டு, அவ்விரிகுடாவின் நீரிலேயே இறக்கினர்.