ரெட் கார்டு பிறந்த கதை: ஒரு தலைமை ஆசிரியர், ஒரு அடிதடி மேட்ச், ஒரு டிராஃபிக் சிக்னல்!

சினிமாவில் ஒரு நடிகருக்குத் தடை வந்தால் ரெட் கார்டு போட்டுட்டாங்க என்கிறோம். பிக் பாஸ் வீட்டிலிருந்து ஒருவரை உடனே அனுப்பினாலும் ரெட் கார்டுதான். கால்பந்தையே பார்க்காதவர்களுக்கும் இந்த வார்த்தை தெரியும். ஆனால், இந்தச் சிவப்பு அட்டையை முதலில் யோசித்தது யார் என்று கேட்டால், பலருக்குப் பதில் தெரியாது.

அவர் பெயர் கென் ஆஸ்டன். இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர். உலகக் கோப்பை நடுவர். உலகக் கோப்பை வரலாற்றின் மிக மோசமான அடிதடி மேட்ச் கைமீறிப் போனபோது, மைதானத்தின் நடுவில் விசிலோடு நின்றிருந்தவரும் இவர்தான்.

யார் இந்த கென் ஆஸ்டன்?

கென்னத் ஜார்ஜ் ஆஸ்டன் 1915 செப்டம்பர் 1-ம் தேதி இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். 1936-ல் நடுவர் தகுதியும் பெற்றார். வாரநாளில் வகுப்பறை, வாரக்கடைசியில் மைதானம். இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்: சண்டை போடுபவர்களைப் பிரித்துவிடுவது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கணுக்கால் காயத்தால் விமானப் படை அவரை எடுத்துக்கொள்ளவில்லை. பீரங்கிப் படையில் சேர்ந்தார், பிறகு அன்றைய பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு மாறினார். போர் முடியும்போது அவர் லெஃப்டினன்ட் கர்னல். சிங்கப்பூரின் சாங்கியில் நடந்த போர்க்குற்ற விசாரணை தீர்ப்பாயத்திலும் பணியாற்றினார்.

1946-ல் ஊர் திரும்பி மறுபடியும் விசிலை எடுத்தார். வந்த வேகத்திலேயே இரண்டு மாற்றங்கள் செய்தார். வெள்ளை ஓரம் வைத்த கறுப்பு உடையில் லீக் மேட்ச் நடத்திய முதல் நடுவர் அவர்தான். பிறகு அதுவே பல பத்தாண்டுகளுக்கு நடுவர்களின் சீருடை ஆனது.

அடுத்தது கொடி. அந்தக் காலத்தில் லைன்ஸ்மேன்கள் உள்ளூர் அணியின் நிறத்தில் கொடி பிடிப்பார்கள். இங்கிலாந்துப் பனிமூட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. தூரத்திலிருந்தும் பளிச்செனத் தெரியும் நிறங்களில் கொடி வேண்டும் என்று 1947-ல் மாற்றினார்.

மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு விஷயம் புரிய வேண்டுமென்றால், அது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆஸ்டனின் இந்த எண்ணம் சுமார் 20 வருஷம் கழித்துதான் முழுசாகப் பலன் தரப்போகிறது. 1953-ல் இல்ஃபோர்டில் உள்ள நியூபரி பார்க் பள்ளிக்குத் தலைமை ஆசிரியரும் ஆனார்.

சாண்டியாகோவில் என்ன நடந்தது?

1962 உலகக் கோப்பை சிலியில் நடந்தது. இரண்டு வருஷம் முன்புதான், 1960 மே மாதத்தில், உலகில் இதுவரை பதிவானதிலேயே மிகப் பெரிய நிலநடுக்கம் அந்த நாட்டைப் புரட்டிப் போட்டிருந்தது. அளவு 9.5. அந்த இடிபாடுகளிலிருந்து எழுந்து போட்டியை நடத்திக் காட்டியதில் சிலி மக்களுக்கு அவ்வளவு பெருமை.

அந்த நேரத்தில் இத்தாலியப் பத்திரிகையாளர்கள் இரண்டு பேர் சாண்டியாகோ நகரைப் பற்றிக் கேவலமாக எழுதினார்கள். ஃபோன் வேலை செய்யாது, எங்கும் வறுமை என்கிற ரீதியில். அது சிலி பத்திரிகைகளிலும் வெளியாக, ஊரே கொதித்தது. அதன் பிறகு ஜூன் 2-ம் தேதி சிலியும் இத்தாலியும் மோதின. ஸ்டேடியத்தில் சுமார் 66,000 பேர். நடுவர், கென் ஆஸ்டன்.

முதல் ஃபவுலுக்கு 12 விநாடிதான் ஆனது. சில நிமிடங்களிலேயே இத்தாலியின் ஜார்ஜியோ ஃபெர்ரினியை ஆஸ்டன் வெளியே போகச் சொன்னார். அவர் போகவில்லை. கடைசியில் போலீஸ் உள்ளே வந்து இழுத்துக்கொண்டு போனது.

அடுத்து லியோனல் சான்செஸ். சிலி வீரர், ஒரு குத்துச்சண்டை வீரரின் மகன். தன்னை உதைத்த இத்தாலியின் மரியோ டேவிட்டை முஷ்டியால் குத்தி வீழ்த்தினார். அவருக்குத் தண்டனை இல்லை. கொஞ்ச நேரத்தில் டேவிட் பதிலுக்குக் காலை உயர்த்தி சான்செஸைத் தாக்க, அவர் மட்டும் வெளியேற்றப்பட்டார். இதே மேட்சில் இத்தாலியின் ஹம்பர்ட்டோ மாஸ்கியோவின் மூக்கையும் சான்செஸ் உடைத்தார். அதற்கும் தண்டனை இல்லை.

9 பேரோடு ஆடிய இத்தாலி 0-2 என்று தோற்றது. போலீஸ் திரும்பத் திரும்ப மைதானத்துக்குள் வந்தது. பிபிசி இந்த மேட்சைச் சில நாள் கழித்து ஒளிபரப்பியபோது, அறிவிப்பாளர் டேவிட் கோல்மேன் இப்படி ஒரு கேவலமான ஆட்டம் இருந்ததே இல்லை என்கிற தொனியில் எச்சரித்துவிட்டுத்தான் படத்தை ஓடவிட்டார். சாண்டியாகோ யுத்தம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆஸ்டன் மேல் தவறு இல்லையா?

இருக்கிறது. இத்தாலியர்கள் கடைசி வரை அவரை மன்னிக்கவில்லை. இரண்டு இத்தாலியர்கள் வெளியே, முஷ்டியால் குத்திய சிலி வீரர் உள்ளே என்றால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

ஆஸ்டன் பின்னாளில் தந்த விளக்கம் இது: அந்தக் குத்தை அவர் பார்க்கவில்லை, லைன்ஸ்மேன் தரப்பிலிருந்தும் தகவல் வரவில்லை. மேட்சைப் பாதியில் நிறுத்தலாமா என்று யோசித்தார். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அப்படி நிறுத்தினால் இத்தாலிய வீரர்கள் பத்திரமாக வெளியே போவார்களா என்ற பயம் தடுத்தது. அந்த உலகக் கோப்பையில் அவர் அதன் பிறகு எந்த மேட்சுக்கும் நடுவராக நிற்கவில்லை.

அந்தக் காலத்துத் தண்டனை முறை எப்படி இருந்தது என்பதையும் பார்க்கணும். சான்செஸ் அடுத்தடுத்த மேட்ச்களில் ஆடினார். காலிறுதியில் சோவியத் யூனியனுக்கு எதிராக கோல் அடித்தார். தொடரில் 4 கோல்களோடு அதிக கோல் அடித்தவர்கள் வரிசையிலும் இடம்பிடித்தார்.

அரையிறுதியில் பிரேசிலின் காரின்ஷா எதிரணி வீரரை உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். ஆனால் அவருக்குத் தடை வரவில்லை. இறுதிப் போட்டியில் ஆடினார், பிரேசில் கோப்பையை வென்றது. இன்றைக்கு ரெட் கார்டு வாங்கினால் அடுத்த மேட்ச் தானாகவே போய்விடும். அன்று அதைக் கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்தது, அதுவும் ஆளைப் பார்த்து முடிவு செய்தது போலத்தான் வெளியே தெரிந்தது.

ஆஸ்டன் 1963-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியை நடத்தினார். மான்செஸ்டர் யுனைடெட் லெஸ்டர் சிட்டியை 3-1 என்று வென்ற மேட்ச் அது. அதோடு நடுவர் வாழ்க்கை முடிந்தது. ஆனால் கதையின் முக்கியமான பகுதி இனிமேல்தான்.

சிக்னலில் நின்ற கார்

அடுத்ததாக ஃபிஃபாவின் நடுவர் குழுவுக்கு வந்தார் ஆஸ்டன். 1966 உலகக் கோப்பையில் நடுவர்கள் அனைவரும் அவர் பொறுப்பில். இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய காலிறுதி, ஜூலை 23, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம்.

நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன், ஜெர்மானியர். அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ராட்டின் அவரிடம் திரும்பத் திரும்ப வாதாடினார். ஒருவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, மற்றவருக்கு ஜெர்மன் தெரியாது. ஒரு கட்டத்தில் கிரைட்லைன் அவரை வெளியே போகச் சொன்னார். ராட்டின் நகரவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டார். ஆட்டம் நிமிடக் கணக்கில் நின்றது. கடைசியில் ஆஸ்டனே மைதானத்துக்குள் இறங்கிப் போய் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. வெளியே வந்த ராட்டின் மகாராணிக்காக விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இதைவிட ஆச்சரியம் அடுத்து நடந்தது. இங்கிலாந்தின் பாபி சார்ல்டன், ஜாக் சார்ல்டன் சகோதரர்களும் அதே மேட்சில் எச்சரிக்கப்பட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்படி ஒரு எச்சரிக்கை வந்ததே மைதானத்தில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. உண்மையா என்று இங்கிலாந்து தரப்பு ஃபிஃபாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை.

காரணம் எளிமையானது. ஆட்டக்காரரை வெளியேற்றும் அதிகாரம் நடுவருக்கு ரொம்ப காலமாகவே இருந்தது. ஆனால் எச்சரிக்கை என்பது வாயால் சொல்லி, நோட்டில் பெயரை எழுதிக்கொள்வது, அவ்வளவுதான். மொழி தெரியாதவருக்கு அது புரியாது. கேலரியில் இருப்பவருக்கும் புரியாது, டிவி பார்ப்பவருக்கும் புரியாது.

வெம்ப்ளியிலிருந்து காரில் வீடு திரும்பும்போது ஆஸ்டனின் மனசில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் டிராஃபிக் சிக்னல் விழுந்தது. முதலில் மஞ்சள், அடுத்து சிவப்பு. மஞ்சள் என்றால் நிதானம், சிவப்பு என்றால் நிறுத்து. எந்த ஊரிலும், எந்த மொழியிலும் அர்த்தம் ஒன்றுதான்.

வீட்டுக்குப் போய் மனைவி ஹில்டாவிடம் விஷயத்தைச் சொன்னார். நடுவரின் சட்டைப் பையில் நுழையும் அளவுக்குக் கலர் தாளில் இரண்டு அட்டைகளை வெட்டிக் கொடுத்தார் ஹில்டா. உலகின் முதல் யெல்லோ கார்டும் ரெட் கார்டும் அவைதான்.

முதல் ரெட் கார்டு யாருக்கு?

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. மே 31-ம் தேதி மெக்சிகோவும் சோவியத் யூனியனும் மோதிய முதல் மேட்சிலேயே யெல்லோ கார்டு வெளியே வந்தது. ஆனால் அந்தத் தொடர் முழுக்க ஒரு ரெட் கார்டு கூட வரவில்லை.

அதற்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜூன் 14, மேற்கு பெர்லின். மேற்கு ஜெர்மனியின் பெர்ட்டி ஃபோக்ட்ஸைப் பதிலுக்குத் தாக்கிய கார்லோஸ் காஸேலிக்குத் துருக்கி நடுவர் டோகன் பாபாஜான் சிவப்பு அட்டையைக் காட்டினார். உலகக் கோப்பையின் முதல் ரெட் கார்டு. காஸேலி எந்த நாட்டு வீரர் தெரியுமா? சிலி!

இன்னொரு வேடிக்கை, ஆஸ்டனின் சொந்த நாடான இங்கிலாந்து இதை ஏற்கத் தயங்கியது. அங்கு லீக் மேட்ச்களுக்கு அட்டை வந்தது 1976 அக்டோபரில்தான். நடுவர்கள் ஓவராகக் கார்டு காட்டுகிறார்கள் என்ற புகாரால் 1981-ல் அதைத் திரும்பவும் எடுத்துவிட்டார்கள். 1987-ல்தான் அட்டைகள் மறுபடி வந்தன.

இன்று விதி என்ன சொல்கிறது?

பந்துக்காகப் போட்டி போடாத நேரத்தில் ஒருவரை அளவுக்கு மீறிய பலத்தோடு தாக்கினாலோ, தாக்க முயன்றாலோ அது வன்முறை நடத்தை. அடி படவில்லை என்றாலும் நேரடி ரெட் கார்டுதான். எதிரணி வீரரை மட்டுமல்ல, சொந்த அணிக்காரரையோ, நடுவரையோ, ரசிகரையோ தாக்கினாலும் இதே கதிதான். வெளியேறியவருக்குப் பதில் இன்னொருவரை இறக்க முடியாது. குறைந்தது அடுத்த மேட்சில் ஆட முடியாது. குற்றம் பெரியது என்றால் ஒழுங்குக் குழு தடையை நீட்டும். இங்கிலாந்தில் வன்முறைக்கு வழக்கமான தண்டனை 3 மேட்ச். 2014 உலகக் கோப்பையில் எதிரணி வீரரைக் கடித்த உருகுவேயின் லூயிஸ் சுவாரஸுக்கு 9 சர்வதேச மேட்ச் தடையும், கூடவே 4 மாதம் கால்பந்தே கூடாது என்ற தடையும் விழுந்தன.

நடுவர் பார்க்காத அடிக்கு என்ன வழி? அதற்கும் ஆஸ்டன் ஒரு விதை போட்டிருந்தார். நடுவரால் தொடர முடியாவிட்டால் இறங்குவதற்கு ஒரு மாற்று நடுவரைத் தயாராக வைக்கும் வழக்கம் 1966-ல் அவர் கொண்டு வந்ததுதான். அதுவே வளர்ந்து இன்றைய நான்காவது நடுவர் ஆனது. 2006 இறுதிப் போட்டியில் ஜிடேன் தலையால் மாட்டராஸியின் மார்பில் முட்டியதை முதன்மை நடுவர் பார்க்கவில்லை. அவருக்குத் தகவல் சொன்னது நான்காவது நடுவர்தான். 2018 முதல் உலகக் கோப்பையில் வீடியோ நடுவர் முறையும் வந்துவிட்டது. சாண்டியாகோவில் சான்செஸ் விட்ட குத்து இன்று நடந்திருந்தால் தப்பியிருக்காது.

கடைசிக் காலம்

1970, 1974 உலகக் கோப்பைகளிலும் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆஸ்டன், அதன் பிறகு அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து அமைப்பு ஒன்றின் நடுவர்களுக்குப் பாடம் எடுத்தார். அங்கே விசில் பிடித்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத அப்பா அம்மாக்கள்தான். உலகக் கோப்பை நடத்திய மனுஷன் அவர்களுக்குப் பொறுமையாக விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வகையில் அது மறுபடியும் அவருடைய பழைய வாத்தியார் வேலைதான். அந்தச் சேவைக்காக 1997-ல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது கிடைத்தது. 2001 அக்டோபர் 23-ம் தேதி, 86 வயதில் காலமானார்.

சாண்டியாகோவில் ஆஸ்டன் தோற்றார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தோல்வியை மறைக்கவோ மறக்கவோ பார்க்காமல், அடுத்து விசில் பிடிக்கப்போகிறவர்களுக்கு என்ன தேவை என்று யோசித்தார். இன்று உள்ளூர்ப் பள்ளி மைதானத்தில் மேட்ச் நடத்தும் நடுவரின் சட்டைப் பையிலும் அந்த இரண்டு அட்டைகள் இருக்கின்றன.