இரசாயனத்திற்கு இலக்கணம் வகுத்த ஹாப்மன்

எழுத்தும் சொல்லும் கற்கும் நம்மனோர்க்கு இரசாயன நூல் ஒரு முட்காடாகத் தோன்றுவதுண்டு. மீதேன், ஈதேன், புரோப்பேன் எனவும், டைஈதைலமின், டிரைஈதைலமின் எனவும் வரும் பெயர்களைக் கண்டு அஞ்சி, அவற்றைப் பொருளுணராது நெட்டுருச் செய்வார் பலர். ஆயின் அவை வெறும் இடுகுறிகள் அல்ல. பகுதியும் விகுதியும் பிரித்தறிவார்க்குத் தம் பொருளைத் தாமே உரைப்பன. அங்ஙனம் உரைக்குமாறு அவற்றை வகுக்க முற்பட்ட பெரியோருள் ஒருவர் ஜெர்மானியராகிய அவுகுஸ்து வில்ஹெல்ம் ஹாப்மன். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ஹாப்மன் 1818-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் நாள் கீஸன் நகரிலே பிறந்தார். தந்தையார் கட்டிடச் சிற்பி. கீஸன் சர்வகலாசாலையில் மைந்தர் முதற்கண் பயின்றவை சட்டமும் மொழிநூலுமேயாம். அந்நாளில் அங்கே லீபிக் என்னும் பேராசிரியர், மாணவர் தம் கையாலேயே சோதனை செய்து கற்கும் முறையை நிறுவிப் புகழ்பெற்றிருந்தார். அவருடைய ஆய்வுசாலையை விரித்துக் கட்டியவர் ஹாப்மனின் தந்தையாரே. மொழிநூல் பயில வந்த இளைஞரை அவ்வாய்வுசாலை தன்வயமாக்கிக் கொண்டது.

லீபிக் அவரிடம் ஒப்புவித்தது நிலக்கரித் தாரினின்று வடித்ததோர் எண்ணெய். அதனை ஆராயப் புகுந்தவர் ஒரு பெயர்க் குழப்பத்தை எதிர்ப்பட்டார். 1826-இல் உன்வெர்தோர்பன் என்பார் அவுரி நீலத்தை வாலையிலிட்டு வடித்து ஒரு பொருளைக் கண்டு, அதன் உப்புக்கள் எளிதிற் படிகமாதலின் கிரிஸ்டலின் என்றார். 1834-இல் ரூங்கே என்பார் தாரினின்று ஒன்றைப் பிரித்து, அது சலவைச் சுண்ணத்தோடு சேர்ந்து நீலநிறம் காட்டினமையால் கயனால் என்றார். பிரிட்ஷே என்பார் நீலத்தைக் காரத்தோடு காய்ச்சிப் பெற்றதனை அனிலின் என்றார். 1842-இல் ருஷியராகிய ஜீனின் நைட்ரோபென்ஸீனினின்று ஆக்கியதனைப் பென்ஸிடம் என்றார். இந்நான்கும் ஒரே பொருள் என்பதனை ஹாப்மன் 1843-இல் ஐயமற நிறுவினார். நிலைத்த பெயர் அனிலின். போர்த்துக்கேசியர் அவுரியை அனில் என்பர். அச்சொல் அரபியர் வாயிலாக அவர்க்குச் சென்ற நம் நாட்டு நீலம் என்னும் சொல்லேயாகும். ஒரு பொருட்குப் பல பெயர் இருத்தல் நிகண்டிற்கு அழகு, ஆய்வுசாலைக்கோ இடர். இவ்வுண்மையை ஹாப்மன் வாழ்நாள் முழுதும் மறந்திலர்.

1845-இல் இலண்டன் மாநகரில் இரசாயனக் கல்லூரி ஒன்று தோன்றிற்று. ஹாப்மன் அதன் தலைவராயினார். அங்கே அம்மோனியாவை ஆராய்ந்தார். அதில் ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் உள. அம்மூன்றையும் ஒவ்வொன்றாக நீக்கி, ஈதைல் என்னும் அணுக்கூட்டத்தை அவ்விடத்தில் வைத்தார். ஒன்று மாறின் ஈதைலமின்; இரண்டு மாறின் டைஈதைலமின்; மூன்றும் மாறின் டிரைஈதைலமின். பெயரே கணக்காயிற்று.

அறிவின் பாதை இடரற்றதன்று. அவர் மாணவருள் ஒருவரான மான்ஸ்பீல்டு, தாரினின்று பென்ஸீன் வடித்துக் கொண்டிருக்கையில் தீப்பற்றி 1855-இல் மாண்டார். ஹாப்மன் தாமும் இல்லறத்தில் மும்முறை மனைவியை இழந்து துயருற்றவர்; எனினும் கற்பித்தலை விட்டிலர்.

சுரந் தீர்க்கும் கொயினாவைத் தாரின் பொருள்களினின்று ஆக்கலாகாதோ என்பது ஹாப்மனின் எண்ணம். 1856-இல் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் விடுமுறைக் காலத்தில் தம் வீட்டிலேயே அதற்கு முயன்றார். அலைல்டொலுயிடீன் இரண்டு பங்கோடு பிராணவாயு சேர்த்து நீரை நீக்கினால், அணுக்களின் தொகை கொயினாவுக்கு ஒத்துவரும். தொகை ஒத்தது, கொயினா வந்திலது! செம்பழுப்புப் பொடியே கிடைத்தது. பின்னர் அனிலினைக் கொண்டு முயல, கரிய குழம்பொன்று தோன்றி, அதனினின்று மோவ் என்னும் ஊதாச் சாயம் பிறந்தது. பெர்க்கின் கல்லூரியை விடுத்துச் சாயத்தொழில் புகுந்தார். ஆசிரியர் அதனை விரும்பாராயினும், பின்னர்த் தாமும் அனிலின் சாயங்களை ஆராய்ந்து புகழ்பெற்றார்.

கொயினா ஏன் வந்திலது? கதவு என்பதும் தகவு என்பதும் ஒரே மூன்று எழுத்துக்களால் ஆயவை. முறை மாறவே பொருள் மாறிற்று. அணுக்களும் அத்தன்மையனவே. அவற்றின் தொகை மட்டும் அறிந்தாற் போதாது. எது எதனோடு பிணைந்துள்ளது என்றும் அறிதல் வேண்டும். இப்பிணைப்பைக் கண்ணாற் காட்ட, 1865-இல் ஹாப்மன் குரோக்கே விளையாட்டின் மரப்பந்துகளைக் குச்சிகளாற் கோத்துச் சபையோர் முன் வைத்தார். கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, பிராணவாயுவுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம். கார்பனுக்குக் கை நான்கு, நைட்ரஜனுக்கு மூன்று, பிராணவாயுவுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று. அந்நிறங்களே இன்றும் வகுப்பறைகளில் வழங்குகின்றன.

அவ்வாண்டே அவர் பெர்லினுக்குப் பேராசிரியராகச் சென்றார். 1866-இல் கார்பனும் ஹைட்ரஜனுமே கூடிய பொருள்களுக்கு ஒரு பெயர்முறையை வெளியிட்டார். பகுதி கார்பன் தொகையைக் காட்டும். விகுதியின் உயிரெழுத்து, ஹைட்ரஜன் இரண்டிரண்டாகக் குறையக் குறைய, ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஆங்கில நெடுங்கணக்கின் முறையே மாறும். கார்பன் இரண்டுடைய ஈதேனில் ஹைட்ரஜன் ஆறு, ஈதீனில் நான்கு, ஈதைனில் இரண்டு. மொழிநூல் பயின்ற இளமை வீண்போகவில்லை!

1867-இல் ஜெர்மானிய இரசாயனச் சங்கம் தோன்ற, அவரே அதன் முதல் தலைவராயினார். 1892-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெனீவா நகரிற் பல தேசத்து இரசாயனப் புலவர் கூடிப் பெயரிடும் விதிகளை வகுத்தனர். நீண்ட கார்பன் தொடரே பகுதி. கிளைகளின் இடத்தை எண்ணாற் சுட்டுக என்றனர். நான்கு கார்பனுக்கு ஹாப்மன் இட்ட குவார்ட்டேன் வழக்கொழிந்து பியூட்டேன் நின்றது. ஆயின் அவர் கண்ட விகுதி முறை நிலைபெற்றது. அவ்விதிகள் அமைந்து ஒரு திங்கள் நிரம்புமுன்னரே, மே மாதம் 5-ஆம் நாள், ஹாப்மன் பெர்லினில் உயிர் நீத்தார்.

பழையன கழிதலும் புதியன புகுதலும் இரசாயனத்திற்கும் உண்டு. ஒருவர் இட்ட பெயர் மாறலாம். பெயர் பொருளின் அமைப்பை உண்மையாய் உரைக்க வேண்டும் என்னும் நெறி மாறாது. மாணவ நண்பர்காள்! அடுத்த முறை ஒரு நீண்ட இரசாயனப் பெயர் எதிர்ப்படின் அஞ்சற்க. பதம் பிரித்துப் பொருள் காண்க. சொல்லைப் பகுத்தறியக் கற்றவர்க்கு அது கைவந்த கலையன்றோ!